பை வைத்த நாற்காலி

"உக்காரலாம்னு சட்டம் வந்தாச்சு. நான் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன், வக்கீலம்மா."

ஜவுளிக்கடையில், பட்டுச்சேலைப் பிரிவில் பதினேழு வருஷமாக நிற்பவள் வடிவு. மூன்று வாரமாக, விடுமுறை நாளில், நஸ்ரின் வக்கீலிடம் சட்டம் படிக்க வருகிறாள். வக்கீலுக்கு இவளைவிடப் பத்து வயது குறைவு. இருந்தாலும் குரு குருதானே.

"சட்டம் என்ன சொல்லுது, அக்கா?"

"வேலைக்கு நடுவுல ஆள் வராத நேரத்துல உக்காரலாம். முதலாளி உக்கார வசதி செஞ்சு தரணும்." வடிவு தடுமாறாமல் ஒப்பித்தாள்.

"கடையில ஸ்டூல் இருக்கா?"

"ஆளுக்கொண்ணு. லேபர் ஆபீசர் பார்க்க வந்த அன்னைக்கு எங்களை அதுல உக்கார வச்சாங்க. அவர் படி இறங்கினதும் எழுப்பிட்டாங்க."

"இப்ப?"

"இப்ப அதுல சேலைக்கட்டு உக்காந்திருக்கு."

நஸ்ரின் சிரிக்கவில்லை.

"மறுநாள் என்கூட நிக்கிற ரோஸ்லின் மட்டும் உக்காந்தா. அவளை குடோனுக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க."

"அது பழிவாங்குறது. அதையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கலாம்."

வடிவு தலையாட்டினாள். காலில் புடைத்துக் கிடந்த நரம்புகளைப் பற்றி அவள் பேசவில்லை. போன வாரம் நடந்ததைச் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததாம். இறங்க வேண்டிய இடம் வந்ததாம், போனதாம். இவள் இறங்கவில்லை. கடைசி ஸ்டாப் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பினாளாம்.

"சும்மா உக்காந்திருக்கத்தாம்மா. அவ்வளவு ஆசையா இருந்துச்சு."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பந்தியில் இடம் கிடைக்காதவள் இலையைப் பார்ப்பதுபோல் பகல் முழுக்க அந்த நீல ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் அவள். அந்த ஏக்கத்தை வீட்டில் சொன்னால்கூடச் சிரிப்பார்கள்.

"மனு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். ரோஸ்லினும் போடுறேன்னு சொல்லிட்டா."

நஸ்ரின் தாளை எடுத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். பிறகு என்ன நினைத்தாளோ, எழுந்து போய் அலமாரி விளிம்பில் தாளை வைத்து, நின்றபடியே எழுத ஆரம்பித்தாள்.

ஒரு பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கமும் பாதிக்கு வந்தது. வக்கீல் காலை மாற்றி மாற்றி ஊன்றினாள்.

வடிவுக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா நின்னுக்கிட்டு எழுதுறீங்க? கால் கடுக்குமே."

"நீங்க நிக்கிறீங்களே, அக்கா."

"நீங்க உக்காரச் சொல்லலையேம்மா."

பேனா நின்றது. வக்கீல் வடிவுக்குப் பக்கத்தில் பார்த்தாள். வடிவும் திரும்பிப் பார்த்தாள்.

நாற்காலி இருந்தது. மூன்று வாரமாக அங்கேதான் இருந்தது. மூன்று வாரமும் அதன்மேல் வடிவின் துணிப்பைதான் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

வடிவு வெகுநேரம் அந்தப் பையையே பார்த்தாள். பிறகு அதை எடுத்துத் தரையில் வைத்தாள்.

உட்கார்ந்துதான் மனுவில் கையெழுத்துப் போட்டாள். ரோஸ்லினின் கையெழுத்தும் சேர்ந்து, அன்றைக்கே அது தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனது.

மறுநாள் பதினொரு மணி. கடையில் ஆளில்லை. வடிவு சேலைக்கட்டைத் தூக்கி அலமாரியில் வைத்தாள். ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மாடி சூப்பர்வைசர் அந்தக் கோடியிலிருந்து வேகமாக வந்தார்.

"யாரு உன்னை உக்காரச் சொன்னது?"

"யாரும் சொல்லலை, சார்" என்றாள் வடிவு, உட்கார்ந்தபடியே.