அழுக்காகாத அஞ்சு சட்டை

ஒரு ஊர்ல ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல. அமெரிக்க ஃபுட்பால் ஆடுற ஒரு காலேஜ் டீம் இருந்துச்சாம். பந்து வீசுகிறவன் அருமைநாதன். அவன் வீசும்வரை, அவனைக் கீழே தள்ள வரும் எதிராளிகளைத் தடுக்க முன்னால் ஐந்து பேர். இதுவரை ஆடிய நான்கு ஆட்டமும் தோல்வி.

"இவனுக்கு வீசவே தெரியல, நாளைக்கே நீக்கிடுறேன்" என்று பக்கத்தில் நின்ற அருமைநாதனைக் காட்டிய கோச் வேதமுத்து, அவன் சட்டையை எடுத்து, டீமுக்குத் துணி துவைக்கிற செங்கமலத்திடம் எறிந்தார். "முதுகெல்லாம் சேறு! அடுத்த ஆட்டத்துல இதை வேறொருத்தன் போடுவான்; ஆட்டம் முடிஞ்சும் இது வெள்ளையா இருக்கணும். இல்லன்னா நீயும் கிளம்பு!"

"இருக்கும்ங்க ஐயா. அதுக்கு இந்த அஞ்சும் அழுக்காகணும்." தடுப்பவர்களின் சட்டைகளை விரித்தாள். "இதையெல்லாம் நான் இன்னும் தண்ணியிலயே போடல."

ஐந்திலும் ஒரு பொட்டு மண் இல்லை.

கோச் உற்றுப் பார்த்தார். "அருமை, நீ டீம்லயே இருப்பா. டேய் அஞ்சு பேரும் மைதானத்துக்கு வாங்கடா!" என்று கத்திக்கொண்டே போனார்.

செங்கமலம் கூடுதலாக ஐந்து சோப்பு வாங்கக் கடைக்கு நடந்தாள்.