நொச்சி அணைத்த நெருப்பு

மனிதரிடம் நெருப்பு இல்லாதிருந்த காலம் அது. ஒரு மலைச்சரிவில், குகையையே வீடாகக் கொண்ட ஒரு கூட்டத்தில் நொச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய அண்ணன் இண்டன், தம்பி குருந்தன். கிழங்கோ இறைச்சியோ எல்லாவற்றையும் பச்சையாகவே தின்றார்கள். இருட்டிவிட்டால் புலியின் காதில் விழுந்துவிடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு ஒண்டிக் கிடந்தார்கள்.

ஒரு கோடையில் மலையுச்சி மரத்தில் இடி விழுந்து நெருப்பு இறங்கியது. யானை ஓடியது, மான் ஓடியது, மனிதரும் ஓடினார்கள். நொச்சியின் காலில் முள் ஏறியிருந்தது. ஓட முடியாமல் பாறை இடுக்கில் பதுங்கினாள். காட்டை முழுவதும் தின்றுவிட்டு நெருப்பு அந்தப் பாறையடிக்கு வந்தபோது அதற்கு விரல் உயரம்கூட இல்லை.

"பசிக்குது" என்றது நெருப்பு.

"இத்தனை பெரிய காட்டைத் தின்னுட்டு இன்னுமா பசி?"

"தின்னு தீத்ததாலதான் பசி. இனிமே திங்க ஒண்ணுமில்ல. செத்துருவேன்."

நொச்சிக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் கிடந்த சுள்ளி ஒன்றை நீட்டினாள். "அவசரப்படாம தின்னு. இது தீர்ந்ததும் இன்னொண்ணு தரேன்."

அப்படித்தான் நெருப்பு அவளோடு குகைக்கு வந்தது.

"காட்டையே முழுங்கின பிசாசை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கியே!" என்று இண்டன் கத்தினான். ஆனால் அன்றைக்கு வாசல்வரை வந்த புலி, நெருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை. கை தவறி நெருப்பில் விழுந்த கிழங்கைக் குருந்தன் எடுத்துத் தின்றான். பிறகு இன்னொன்றை வேண்டுமென்றே போட்டான்.

கிழங்கு வேகக் காத்திருக்க வேண்டியிருந்தது. சும்மா காத்திருக்க முடியாமல் பேசினார்கள். வேட்டையில் தொடங்கிய பேச்சு, செத்துப்போனவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்பதுவரை போனது. பல் போன கிழவர்கள் வெந்ததைத் தின்று இன்னும் ஒரு மழைக்காலம் இருந்தார்கள். பிறந்த பிள்ளையை முதலில் நெருப்புக்குத்தான் காட்டினார்கள். நொச்சி மட்டும் அதன் பக்கத்தை விட்டு நகராமல், அளந்து அளந்து சுள்ளி போட்டாள்.

ஆற்றுக்கு அக்கரையில் வேறொரு கூட்டம் இருந்தது. நடுவிலிருந்த பாறையின் தேனடைக்கு இரண்டு பக்கமும் சண்டை. ஒருநாள் அக்கரையிலிருந்து பறந்து வந்த கல் குருந்தனின் கால் எலும்பை முறித்தது. தம்பியைத் தோளில் தூக்கிவந்து கிடத்திய இண்டன், நேராக நெருப்பிடம் போனான்.

"அவங்க இருக்கிறது புல்லுக் குடிசை. ஒரு கொள்ளி போதும். கொள்ளிக்கு நல்ல கட்டையா எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

நொச்சி நெருப்பின் முன் குனிந்தாள். "நீ போவியா?"

"தூக்கினா போவேன்."

"அங்கே குழந்தைங்க இருக்கு."

"எனக்குக் குழந்தையெல்லாம் தெரியாது. ஈரம் தெரியும், காஞ்சது தெரியும்."

"இத்தனை நாள் எங்ககூட இருந்தியே. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அந்த வார்த்தை என்கிட்ட இல்ல, நொச்சி. அதை நீங்கதான் சொல்லணும்."

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. நொச்சி சுரைக்குடுக்கையை எடுத்தாள்.

"என்னையா?" என்றது நெருப்பு.

"உன்னைத்தான்" என்று சொல்லித் தண்ணீரைக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். கட்டையோடு வந்த இண்டன் கண்டது புகையையும் கருப்புச் சேற்றையும்தான்.

"உன் தம்பியைவிட அக்கரைக்காரன் பெருசாப் போயிட்டானா?" என்று கேட்டான்.

மழை பிடித்துக்கொண்டது. மறுபடியும் பச்சைக் கிழங்கு, மறுபடியும் புலிப் பயம். கிழவர் ஒருவர் குளிர் தாங்காமல் இறந்துபோனார். யாரும் நொச்சியின் முகம் பார்த்துப் பேசவில்லை. குருந்தன் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தான். தன் தோலாடையையும் அவன்மேல் போர்த்திவிட்டு அவள் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். மழை விட்ட பொழுதுகளில் அக்கரையில் பிள்ளைகள் கூச்சலிட்டு விளையாடுவது கேட்கும். அப்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள்.

இண்டன் அக்கரைக்குப் போக ஒரு கோடரி செய்யத் தொடங்கினான். காம்பில் துளை போடுவதற்காக, காய்ந்த கட்டையின்மேல் ஒரு குச்சியை நிறுத்தி உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினான். கோபத்தில் கை ஓயாமல் உருட்டினான். துளை கருத்தது, புகைந்தது. சிதறிய தூளில் ஒரு சிவப்புக் கண் திறந்தது.

"கூப்பிட்டியா?" என்றது நெருப்பு.

இண்டன் பின்னால் சாய்ந்து விழுந்தான்.

"நான் கூப்பிடலியே" என்றான் அவன்.

"உன் கையிலிருந்துதானே பொறந்தேன்? முன்னே வானத்திலேருந்து விழுவேன். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. இனிமே நான் எங்கே எரிஞ்சாலும், தானா வந்துச்சுன்னு சொல்லாதே."

இண்டன் ஒரு சருகை வைத்தான். நெருப்பு எழுந்து நின்றது. அந்த நேரம் பார்த்து மழை நின்று, காற்று குகைக்குள் எட்டிப் பார்த்தது.

"அக்கரைக்குத்தான் போறேன். ஒரு பொறி குடுத்தாப் போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றது காற்று.

நெருப்பு இண்டனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நொச்சியின் கை தண்ணீரைத் தேடியது. பிறகு, அண்ணனைப் பார்த்தவள், தேடுவதை நிறுத்தினாள்.

இண்டன் எரிகிற கட்டையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு போய்த் தம்பியின் கால்மாட்டில் வைத்தான். அதன் பக்கத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.