ஐந்து பாகம் கயிறு

“காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டேன் அம்மா. போ என்று எழுதவா, கூடாது என்று எழுதவா?”

பரிதியப்பனுக்கு அறுபத்திரண்டு வயது. துறைமுகச் சுங்கத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானம் தேடி வந்த இடத்தில் அவருக்கு வாய்த்த குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பெயர் மங்களை. அவளுக்கு ஆசிரமம் கிடையாது. ஒரு பாய்மரப் படகு இருந்தது. பாறைத் தீவுகளுக்கு நடுவே அதில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நேற்றைய தபால் படகில் அவர் மனைவியின் கடிதம் வந்திருந்தது. மலைநாட்டில் தங்கையோடு சேர்ந்து ஆறு மாதம் தறி போடப் போகிறாளாம்.

“நீங்கள் சரி என்றால் தை மாதம் திரும்பிவிடுவேன். கூடாது என்றாலும் போவேன். திரும்புவதைப் பற்றி அப்புறம் யோசிப்பேன்,” என்று முடித்திருந்தாள்.

இன்று சாயங்காலம் அதே தபால் படகு திரும்பி வரும். பதில் அதில் போக வேண்டும்.

“முதலில் நங்கூரத்தைப் போடுங்கள் ஐயா,” என்றாள் மங்களை.

போட்டார். நாலு பாகம் ஆழம்; பாகம் என்றால் இரு கைகளையும் விரித்த நீளம். ஐந்து பாகம் கயிறு விட்டு இறுக்கிக் கட்டினார்.

எதிரே யானை மண்டியிட்டதுபோல ஒரு பாறை. அதன் காலிடுக்கில் வெயில். அதைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

கஞ்சி கொதிப்பதற்குள் யானையைக் காணவில்லை. படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நகர்ந்திருந்தது.

“தரை சரியில்லை,” என்றார்.

அடுத்த தீவிலும் ஐந்து பாகம். நங்கூரம் பாசியோடு கிளம்பி வந்தது.

“நங்கூரம் சரியில்லை.”

“ஆமாம். நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது.”

மூன்றாவது தீவில் படகின் பின்புறம் பாறையில் உரசியது. மங்களை துடுப்பை ஊன்றித் தள்ளினாள். கஞ்சிப் பானை கவிழ்ந்தது.

பரிதியப்பனுக்குப் பொறுமை போயிற்று.

“இதற்குமேல் எப்படி இறுக்கிக் கட்டுவது? கேட்ட கேள்விக்கு வாய் திறக்க மாட்டேன் என்கிறீர்கள். நாள் முழுக்கக் கயிறு இழுக்க வைக்கிறீர்கள். இனி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.”

மங்களை பாறைகளை விட்டு விலகி, குடாவின் நடுவே வந்து நங்கூரத்தை இறக்கினாள். கயிறு அவள் கைவழியே ஓடியது. பத்து பாகம். பதினைந்து.

“போதும் அம்மா.”

இருபது.

“போதும் என்கிறேன்.”

இருபத்தைந்தில் கட்டினாள்.

“நெட்டுக்குத்தாகக் கட்டினால் ஒவ்வோர் அலைக்கும் நீங்களேதான் நங்கூரத்தைப் பிடுங்குகிறீர்கள்,” என்று சொல்லிவிட்டுப் பானையைத் தேய்க்கப் போனாள்.

படகு காற்றில் ஒரு பக்கம் போனது. பிறகு மறுபக்கம் போனது.

“இது அலைந்துகொண்டே இருக்கிறதே?”

“அலையட்டும்.”

“இங்கே எதிரே தெரிந்த பாறையும் போய்விட்டது.”

“வரும்.”

கயிற்றின்மேல் கை வைத்துப் பார்த்தார். அது சாய்வாக, வெகுதூரம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பலம்கொண்ட மட்டும் இழுத்தார். பிடி அசையவில்லை.

பாறை வந்தது. போயிற்று. மறுபடி வந்தது.

அவர் காகிதம் எடுத்து ஒரே வரி எழுதினார்.

‘போய் வா. தை இல்லாவிட்டால் சித்திரை.’

தபால் படகுக்காரர் உறையை வாங்கிப் பைக்குள் போட்டார். படகு ஆடுவதைப் பார்த்தார்.

“என்ன ஐயா, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருக்கிறீர்கள். நங்கூரம் போடவில்லையா?”

“போட்டிருக்கிறது,” என்றார் பரிதியப்பன்.