வெண்பொங்கலில் மிளகு முழுதாகக் குதித்த கதை

விலங்குக்கும் கொடிக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலையடிவாரத்தில் மருதந்துறை என்றோர் ஆற்றுத்துறை இருந்தது. அக்கரைக்குப் போகிறவர்கள் மனிதரானாலும் மாடானாலும் அங்கேதான் வந்து சேர வேண்டும். அவர்களை ஏற்றிச் செல்ல ஒரே ஓர் ஆமை இருந்தது. அதன் ஓடு நெற்களத்தளவு அகலம். நாளுக்கு ஒரு முறைதான் அது அக்கரைக்குப் போகும். துறையோரத்து மருதமரத்தின் உச்சியைச் சூரியன் தொட்டதும் புறப்பட்டுவிடும்.

"கொஞ்சம் பொறுக்கக் கூடாதா, ஆமையாரே?" என்று பின்னால் ஓடிவருகிறவர்கள் கூவினால், "நான் மெதுவாகப் போகிறவன். நேரத்துக்குப் புறப்படாவிட்டால் என்றைக்குப் போய்ச் சேருவது?" என்று நடு ஆற்றிலிருந்து பதில் வரும்.

அந்தத் துறையில் ஆவுடையாள் என்பவள் காலைப் பலகாரக் கடை நடத்தினாள். அடுப்பு அவள் பொறுப்பு. இலை போட்டுப் பரிமாறுவது அவள் கணவன் மாடக்கண்ணு. இட்டிலியும் உளுந்துவடையும் அங்கே உண்டு என்றாலும், கூட்டம் கூடியது வெண்பொங்கலுக்காகத்தான். பச்சரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் வெண்கலப் பானையில் குழைந்து வருகையில் இஞ்சியும் சீரகமும் சேர்த்து, உருக்கிய நெய்யைக் கரண்டி கரண்டியாக விடுவாள். அந்நாளில் பொங்கலில் மிளகு கிடையாது.

அதனால் ஒரு சங்கடம் இருந்தது. அரிசியும் பருப்பும் இலைக்கு வந்த பிறகும் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். நெய் அவற்றுக்குத் தாலாட்டுப் பாடும். அந்தத் தாலாட்டு உண்பவரின் வயிற்றில் இறங்கிக் கண்ணுக்கு ஏறும். மோர்ப்பானையோடு சந்தைக்குக் கிளம்பிய எருமை இலையின் முன்னே சாய்ந்துவிடும். ஓலை கொண்டு போகும் புறா சாம்பார் வாளியின் விளிம்பில் உட்கார்ந்தபடியே உறங்கிவிடும். எழுந்து பார்த்தால் ஆமை அக்கரையில் இருக்கும். "நாளைக்குப் போனால் போகிறது" என்று சிரித்துக்கொண்டு கலைந்துபோவார்கள்.

கரடி மாப்பிள்ளையின் கல்யாணத்தன்று யாராலும் அப்படிச் சிரிக்க முடியவில்லை.

அக்கரைப் பெண்ணை மணக்க, கழுத்தில் மாலையும் உறவினர் நாற்பது பேருமாகக் கரடி துறைக்கு வந்தது. வந்தது வெறும் வயிற்றோடு. நாற்பத்தொரு இலை போட்டான் மாடக்கண்ணு. சூரியன் மருத உச்சிக்கு ஏறியது. ஆமை மூன்று முறை கூப்பிட்டது. பந்தி நெடுகக் குறட்டை ஒலிதான் கேட்டது. மூக்கின்மேல் பொங்கலும் இலையின்மேல் மாலையுமாக மாப்பிள்ளை கண் விழித்தபோது முகூர்த்தம் கடந்து வெகுநேரமாகியிருந்தது.

மறுநாள் துறைத்தலைவரான நாரையார் கடைக்கு வந்தார்.

"ஆவுடையாளே, பெண்ணின் தாய் அக்கரையில் நின்று பேசிய பேச்சு இந்தக் கரை வரைக்கும் கேட்டது. இன்றைக்கு எட்டாம் நாள் வேறு முகூர்த்தம் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கும் உன் பந்தியில் மாப்பிள்ளை தூங்கினால், இந்த அடுப்பில் நானே தண்ணீர் ஊற்றுவேன். பிறகு இந்தத் துறையில் நீ அடுப்பு மூட்டக் கூடாது."

பக்கத்தில் நின்ற கரடி தலையைச் சொறிந்தது. "மதினி, எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. நேத்துப் பொங்கல் மிச்சம் ரெண்டு கரண்டி இருக்குமா?"

"வாயை மூடும் வே!" என்றார் நாரையார்.

அன்று மாடக்கண்ணு மனைவியிடம் சொன்னான்: "எட்டாம் நாள் கடையை அடைச்சுப் போட்டுருவோம். வம்பே இல்ல."

"பசிச்சு வர்ற மாப்பிள்ளை மூஞ்சியில கதவைச் சாத்தவா நான் அடுப்பு மூட்டுனேன்? நல்லா இருக்கே உங்க யோசனை!"

"அப்போ நெய்யைக் குறைச்சுப் பாரேன்."

குறைத்துப் பார்த்தாள். எருமை ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தது. "இது திங்கதுக்கா, சுவத்துல பூசதுக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போயிற்று. மறுநாள் இஞ்சியைக் கூட்டினாள். தூக்கம் போகவில்லை, விக்கல் மட்டும் கூடுதலாக வந்தது. பிறகு, கொல்லைப் பலாமரத்தில் படர்ந்திருந்த மிளகுக்கொடியில் ஒரு பிடி பறித்து, அம்மியில் நுணுக்கிப் பானையில் கலந்தாள். பொங்கல் முழுவதும் இதமான காரம் பரவிற்று. அந்த இதத்தில் எல்லாரும் முன்னைக்காட்டிலும் நன்றாகத் தூங்கினார்கள்.

ஏழாம் நாள் காலை, வழக்கம்போல் அரிசி கழுவிய நீரை மிளகுக்கொடியின் அடியில் ஊற்றினாள் ஆவுடையாள். கொடி முகத்தைச் சுளித்தது.

"என்ன ஆவுடையம்மா, இன்றைக்குக் கழுநீர் உப்புக் கரிக்கிறதே?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு என் அடுப்பு அணைஞ்சுரும். அப்புறம் உனக்குக் கழுநீரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அந்நாளில் மிளகு பச்சைப் பசேலென்று, வழுவழுப்பாக, முத்துப்போல் தொங்கும். சரத்தின் நுனியிலிருந்த ஒரு மணி பேசியது.

"முந்தாநாள் எங்களில் ஒரு பிடியை நுணுக்கிப் போட்டாயே, அதுதான் தப்பு. தூளானால் நாங்கள் எல்லா வாயிலும் இருப்போம். எந்நேரமும் கண்ணெதிரே நிற்கிற காவற்காரனுக்கு எந்தத் திருடன் பயப்படுவான்? முழுதாகப் போடு. ஒளிந்துகொள்கிறோம். எந்த வாயில் இருக்கிறோம் என்று உண்பவருக்குத் தெரியவே கூடாது."

"முழுசாப் போட்டா வேகாதே, தாயி."

"நெய்யைக் காயவைத்து அதில் எங்களைப் பொரித்துக் கொட்டு."

ஆவுடையாள் அந்தப் பச்சை மணியை விரலால் தடவிப் பார்த்தாள். "கறுத்துப்போவியே! தோலெல்லாம் சுருங்கிப் போகுமே! கண்டவுடனே இலை ஓரத்துல ஒதுக்கி வச்சிருவாங்க. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

"இத்தனை நாள் அழகாகத் தொங்கினேன், என்னை யார் நிமிர்ந்து பார்த்தார்கள்? இனிமேல் என்னைத் தேடாமல் ஒருவர்கூட ஒரு வாய் வைக்க முடியாது. அது போதும் எனக்கு. உன் கழுநீரில் வளர்ந்த வேர் இது."

எட்டாம் நாள் காலையில் மாலையும் உறவினருமாகக் கரடி மறுபடி வந்தது. நாரையார் ஒரு குடம் தண்ணீரோடு அடுப்பருகே நின்றார். ஆவுடையாள் இரும்புக் கரண்டியில் நெய்யைக் காயவைத்து, மிளகைக் கையில் எடுத்தாள்; எடுத்தவள் மனம் வராமல் தயங்கினாள். அவள் கையிலிருந்து மிளகு தானே நெய்க்குள் குதித்தது. கை தவறிக் கொட்டிவிட்டாள் என்று சொல்வாரும் உண்டு. ஆனால் கதையை முழுமையாகச் சொல்லும் எவரும் அப்படிச் சொல்வதில்லை. தானே குதித்தது என்பதே பெரும்பான்மை வழக்கு, அந்த மணியின் பேச்சுக்குப் பொருந்துவதும் அதுவே. படபடவென்று பொரிந்து, கறுத்து, சுருங்கி, மிளகு பொங்கலுக்குள் மறைந்தது.

கரடி முதல் வாயை விழுங்கிச் சிரித்தது. இரண்டாம் வாயில் தாலாட்டுத் தொடங்கியது. மூன்றாம் வாயில் தலை தொங்கியது. நாரையார் குடத்தைத் தூக்கினார்.

'கடுக்'கென்று ஓர் ஒலி.

"ஆ! எவம்லே என் நாக்கைக் கிள்ளுனது?" என்று கரடி ஓர் ஆள் உயரம் துள்ளியது.

"உட்காரும் கொழுந்தனாரே, ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றாள் ஆவுடையாள், ஒன்றும் அறியாதவளைப் போல.

கரடி சந்தேகத்தோடு உட்கார்ந்தது. ஒவ்வொரு வாயையும் உருட்டிப் பார்த்து உண்டது. நெய் அதற்குள் மறுபடி கண்ணைச் செருகவைத்தது. உடனே அடுத்த மிளகு கடிபட்டது. பந்தி நெடுக ஒருவர் மாற்றி ஒருவராக நாற்பது கரடிகளும் துள்ளின. "எனக்கும் கிள்ளிச்சு!" "சும்மா இருவே, உமக்கு ஒண்ணு, எனக்கு மூணு!" என்று ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் உறங்க யாரால் முடியும்?

"ஏறுகிறவர்கள் ஏறலாம்!" என்றது ஆமை. நாற்பத்தொரு கரடிகளும் கை கழுவிவிட்டு ஏறின. ஆள் ஏற்றத் தொடங்கிய நாள் முதல் அன்றுதான் ஆமை தன் முதுகு நிறைந்து புறப்பட்டது.

நாரையார் குடத்தைக் கீழே வைத்தார். "அப்படி என்னதான் போட்டாய்?" என்று பானைக்குள் அலகை விட்டு ஒரு வாய் எடுத்தார். அவருடைய கழுத்தின் நீளம் உங்களுக்குத் தெரியும். மிளகு இறங்கி முடியும்வரை அவர் ஒற்றைக்காலில் நின்றார். பிறகு குடத்துத் தண்ணீர் முழுவதையும் தாமே குடித்துவிட்டுப் போனார்.

அக்கரை மணப்பந்தலில் மந்திரம் நீண்டுகொண்டே போனது. கரடியின் கண் செருகியது. பெண்ணின் தாய் இடுப்பில் கை வைத்தாள். அந்த நேரத்தில், கடைவாயில் சிக்கியிருந்த கடைசி மிளகு ஒன்று நொறுங்கியது. திடுக்கிட்டு விழித்த கரடி, கெட்டிமேளம் முழங்க, மூன்று முடிச்சையும் சரியாகப் போட்டது. மறுநாள் மணப்பெண் இக்கரையில் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "எங்க வீட்டுக்காரரை எழுப்பி விட்ட அந்தப் பொங்கல் எந்தக் கடையில?" என்பதுதான்.

அந்தக் கல்யாணக் காலையிலிருந்துதான் மிளகு கறுத்துச் சுருங்கியிருக்கிறது. அந்தக் காலையிலிருந்துதான் அது எந்தக் கடைப் பொங்கலிலும் முழுதாக ஒளிந்திருக்கிறது. எவ்வளவு கவனமாகப் பொறுக்கி ஒதுக்கினாலும் ஒன்று தப்பிப் பல்லில் படும். பொங்கல் தின்றுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உறங்குபவரை எங்கேனும் கண்டால், அவருடைய இலையின் ஓரத்தைப் பாருங்கள்: காவற்காரர்கள் அனைவரும் அங்கே வரிசையாக விழித்திருப்பார்கள்.