புனிதக் கதவருகே ஒரு சத்தியம்

அண்ணன் தம்பிக்குள் சண்டை என்று வந்துவிட்டால் கடற்கரையில் வீம்புக்குப் பஞ்சமே இல்லை. அடைக்கலமும் அவர் தம்பி சந்தியாகுவும் ஆறு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பி அண்ணனின் வள்ளத்தை விட்டு விசைப்படகு வேலைக்குப் போனான். ஒருநாள் அந்தப் படகு அண்ணன் விரித்திருந்த வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. சங்கதி அவ்வளவுதான்.

சாகும்போதும் அடைக்கலம் இறங்கி வரவில்லை. மனைவி பவுலினின் கையைப் பிடித்து, "அவன் என் குழிப்பக்கமே வரக்கூடாது, சத்தியம் பண்ணு" என்றார். போகிற உயிரிடம் வாதாட முடியுமா? அவளும் சத்தியம் செய்தாள். அடக்கத்தன்று சந்தியாகு கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்று அழுதான். ஒரு பிடி மண் போடக்கூட அவள் விடவில்லை.

மறுவருடம், பாவமன்னிப்புக்கென்று திருச்சபை அறிவிக்கும் யூபிலி ஆண்டு பிறந்தது. மறைமாவட்டக் கோவிலில், அந்த ஆண்டில் மட்டும் திறக்கும் புனிதக் கதவைத் திறந்தார்கள். பங்குச்சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: "சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செஞ்சு, பூசையில நற்கருணை வாங்கி, ஜெபத்தோட அந்தக் கதவைத் தாண்டுங்க, பாவத்துக்கான தண்டனை தீரும். அந்தப் பலனை இறந்தவங்களுக்கும் ஒப்புக்கொடுக்கலாம். அவங்க விட்டுப்போன குறையை இனி அவங்களால தீர்க்க முடியாது, நாமதான் உதவணும்."

அன்றிலிருந்து பவுலினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆத்திரத்தோடு போன மனுஷன் செத்தவர்கள் பாவம் கழியும்வரை வேதனைப்படுகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் என்ன பாடுபடுகிறாரோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மகள் செல்சியாவைக் கூட்டிக்கொண்டு ஊர்க்கூட்டத்தோடு அந்தக் கோவிலுக்கு மூன்று நாள் நடந்தாள்.

கதவுக்குப் பத்தடி இருக்கும்போதுதான் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் பின்னால் சந்தியாகு, கொப்புளம் வெடித்த காலில் துணி சுற்றிக்கொண்டு நின்றான். மூன்று நாளும் அவள் கண்ணில் படாமல் கடைசி ஆளாக நடந்து வந்திருக்கிறான்.

"மைனி, நானும் அண்ணனுக்காகத்தான் வந்தேன். கல்லறைத் திருநாளுக்கு அவர் குழியில ஒரே ஒரு மெழுகுதிரி கொளுத்திக்கிடட்டுமா?"

செல்சியா அம்மாவின் கையை இறுக்கினாள். "அப்பாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கீங்கம்மா. அவர் இல்லைங்கிறதுக்காக மீறலாமா?"

"புள்ள சொல்றது சரிதான். எனக்காக உங்க வாக்கு உடைய வேண்டாம் மைனி" என்று சந்தியாகு வரிசையை விட்டு விலகினான்.

பவுலினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எட்டி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எங்க போற? இங்கன வா. வார திருநாளுக்கு முதல் திரி நீதான் கொளுத்தணும்."

அவனை இழுத்துக்கொண்டே கதவைத் தாண்டினாள். செல்சியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

சத்தியத்தைக் காக்க நின்றவள் மகள். ஆசையை விட்டுக்கொடுத்தவன் தம்பி. கொடுத்த வாக்கை மீறியவள் மனைவி. கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பவுலின் செய்ததே சரி. மகளின் பாசத்தையோ தம்பியின் மரியாதையையோ குறை சொல்வதற்கில்லை. ஆனால் பவுலின் எதற்காக நடந்தாள்? கணவர் விட்டுப்போன குறை தீரத்தான். தம்பி மேல் வைத்த கோபத்தைவிட அவருக்கு வேறென்ன பெரிய குறை? அவள் செய்த சத்தியம் அந்தக் கோபத்தின் மிச்சம். அதைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே போயிருந்தால் மூன்று நாள் நடந்ததற்குக் கால்வலிதான் மிஞ்சியிருக்கும். மண்ணுக்குள் போன அடைக்கலத்தால் இனி தம்பியை வா என்று கூப்பிட முடியாது. அவருக்காக அவள் கூப்பிட்டாள்.