முதலாளியின் ஆமைப் படகு

மணப்பட்டினத்துப் பாய்மரப் படகுப் போட்டியில் மெதுவான படகுகள் முதலில் கிளம்பும். வேகமானவை அரைமணி பொறுத்துத்தான் கிளம்பும். புதுப்படகு வாங்கிய கனகசபாபதி முதலாளி நடுவரிடம், "என் படகு வெறும் ஆமை. இந்த அமலோற்பவத்தோட படகுதான் பறக்கும். என்னை முதல்ல விடுங்க" என்றார். நடுவரும் பயந்து தலையாட்டினார்.

ஒட்டுப்போட்ட பாயோடு நின்ற மீனவப் பெண் அமலோற்பவம் முன்னால் வந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "முதலாளி, நீங்க ஏன் ஆமையோட மாரடிக்கணும்? பறக்குற என் படகை எடுத்துக்குங்க. உங்க ஆமையை நான் ஓட்டுறேன்."

"என் படகை நீ தொடுறதா? இந்தக் கடல்லயே அதைப் பிடிக்க ஒரு படகு உண்டா?" என்று கத்திவிட்டார் முதலாளி.

கரையே சிரித்தது. நடுவர் வரிசையை மாற்றி எழுதினார். முதலாளி கிளம்பியபோது, அமலோற்பவத்தின் பாய் தொடுவானத்தைத் தாண்டியிருந்தது.