மூலை மடித்த விடைத்தாள்

எங்கள் மில் தெருப் பள்ளியில் முதலில் சக ஆசிரியர்கள் ஆசிரியை செங்கமலத்தின் நாற்காலியைப் பிடுங்கினார்கள். அடுத்து, பிள்ளைகள் எதிரிலேயே அவளைக் கூலிக்காரி என்றார்கள். மூன்றாவதாக, மிச்ச அவமானத்தையும் செய்து முடிக்கக் கல்வி அதிகாரியே பெற்றோர் கூட்டத்துக்கு வந்தார்.

"மில்லுல நூல் சுத்தினவதானே? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வாசலை மிதிச்சிருக்கியா?"

"இல்லைங்க ஐயா. தன்னார்வலர் தேர்வு எழுதி வந்தேன்."

"உன் வகுப்பு விடைத்தாளைப் பார்த்தாலே தெரியும். நாளையிலிருந்து வராதே."

"பார்த்தே சொல்லுங்க ஐயா. என் வகுப்பு, பயிற்சி முடிச்ச ஆசிரியரோட பக்கத்து வகுப்பு, ரெண்டு தாளையும் கலந்து, ஆசிரியர் பேர் இருக்கிற மூலையை மடிச்சு ஒட்டித் தர்றோம். மட்டமானது என் வகுப்புதுன்னா போயிடுறேன்."

அதிகாரி திருத்தினார். நல்ல தாள்களை அடுக்கித் தூக்கிக் காட்டினார்.

"இதுதான் முறையாப் படிச்சு வந்தவர் கை. அந்த ஆசிரியர் பேரை எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசிங்க."

தலைமையாசிரியர் மூலைகளைப் பிரித்தார். எல்லாவற்றிலும் ஒரே பெயர். பெற்றோர் எங்கள் பக்கம் திரும்பி, உரக்க வாசித்தார்.

"ஆசிரியை செங்கமலம்."